கன்னி மூலை வாசல்

கியேவ் நகரத்தில் பதினொரு யன்னல்களை உடைத்து வாசலாக்கிய தமிழர் யார் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு கதிர்காமநாதன் என்று சொல்லலாம். வேறொருவர் இருக்க வழியில்லை. இருந்தாலும் அவர் விட்டிருக்கமாட்டார். மெல்பேர்ணின் மேற்கே, ஹெரன் வேல் எஸ்டேட்டில் அவருடைய கடைக்குப் போய் வெண்டிக்காய் வாங்கியவர்களில் இந்தக் கதையைக் கேட்காமல் வெளியே வந்தவர் குறைவு.

ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதை ஒளிக்கிற ஆளில்லை அவர். பட்டம் வாங்கினவர் மாதிரிச் சொல்லுவார். சுன்னாகம் சந்தையில் வெங்காயச் சாக்குத் தூக்கினார். பிறகு சாக்கு ஏற்றுகிற லொறியில் தானே ஏறினார். முப்பது வயது கழிய, ஜேர்மனிக்குப் பத்து நாளில் கொண்டுபோய் விடுகிறேன் என்ற ஏஜென்சிக்காரனை நம்பிப் புறப்பட்டார். பத்து நாள் நான்கு வருடமானது. அந்த நான்கு வருடமும் கியேவில், ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தட்டில், இரண்டு அறைக்குள் பன்னிரண்டு பேரோடு கழிந்தது.

"கட்டடம் எண்டால் ஒண்டு ரெண்டில்லை," என்பார். "கண்ணுக்கெட்டின தூரம் அதே கட்டடம், அதே யன்னல், அதே படி. குடிச்சிட்டு வாறவன் பக்கத்துக் கட்டடத்துக்குள்ளை போய் ஆரின்ரையோ கட்டிலிலை படுத்திடுவான். அவ்வளவு சனத்துக்கும் அரசாங்கக் கடை ஒண்டு. உள்ளை போனால் ஊறுகாய்ப் போத்தலும் ஒரு கிழவியும்தான் இருக்கும்."

அந்தச் சோவியத் அரசாங்கம் விழுந்து சில வருடம். வீட்டுக்காரி வாலன்ரீனா பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவள். சம்பளம் வராமல் போக, குசினி யன்னலால் தேயிலையும் சிகரெட்டும் விற்கத் தொடங்கியிருந்தாள். சனம் பனிக்குள் நின்று எட்டி எட்டி வாங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு கதிர்காமநாதனால் சும்மா இருக்க முடியவில்லை. யன்னலுக்குக் கீழே இருக்கிற சுவரை வெட்டுவம், ஐந்து இரும்புப் படி வைப்பம், சனம் உள்ளே வரட்டும் என்றார். கடன் வாங்கின சம்மட்டியால் ஒரே பகலில் உடைத்தும் காட்டினார். அடுத்த வீட்டுக்காரன் வந்து கூப்பிட்டான். அதற்கடுத்த கட்டடத்திலிருந்து ஒரு பல் வைத்தியர் வந்தார். இப்படிப் பதினொன்று.

பிறகு மெற்றோ நிலையத்தடியில் பெரிய சந்தை ஒன்று வந்தது. வாலன்ரீனா அழுதாள். கதிர்காமநாதன் அழவேண்டாம் என்றார். அவர் சொன்னதுதான் நடந்தது. சந்தைக்குப் போன சனம் பையோடு நடந்து திரும்பும்போது, வாங்காமல் விட்டதை எல்லாம் அந்தச் சின்ன வாசல்களில் வாங்கியது. விற்பனை இரண்டு மடங்கானது. "பெரிய கடை வந்தால் சின்னக் கடை செத்துப்போகும் எண்டு சொல்லுறவன் ரெண்டையும் காணாதவன்," என்று அதற்குப் பிறகு எந்த இடத்திலும் அடித்துச் சொல்லுவார்.

தொண்ணூற்றெட்டில் மெல்பேர்ண் சிற்றிசன் யோகேஸ்வரியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பதினொரு வாசலுக்கும் பிறகு என்ன நடந்தது என்று அவர் விசாரிக்கவில்லை.

*

பதினைந்து வருடம் கோழித் தொழிற்சாலையில் குளிருக்குள் நின்றவர், டார்னெய்ட் புறநகருக்கு அப்பால் புல்லுத்தரையைப் பிரித்து எஸ்டேட் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாய்ப் போய் நின்றார். இரண்டாயிரத்து முந்நூறு வீடு வரும் என்று பலகை சொன்னது.

"பேரிலையே வேல் இருக்கு. பிறகென்ன யோசினை?"

"இஞ்சாருங்கோ, இங்கிலிசிலை வேல் எண்டால் பள்ளத்தாக்காம்," என்றாள் யோகா.

"பள்ளத்திலை நிண்டாலும் வேல் வேல்தான்."

இந்தப் பகிடியைக் கேட்டுச் சிரித்துச் சிரித்தே நாற்பது தமிழ்க் குடும்பம் அங்கே காணி எடுத்தது. எடுக்க முதல் எல்லாரும் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காணியைக் காட்டினார்கள். உக்ரேன் ஆமிக்காரன் ஒருவனிடம் வாங்கிய பித்தளைத் திசைகாட்டி ஒன்று அவரிடம் இருந்தது. அதை உள்ளங்கையில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கிழக்கு என்றால் கிழக்கு. தெற்குப் பார்த்த காணி என்றால் தலையை ஆட்டிவிட்டுக் காருக்குள் ஏறிவிடுவார். விற்பனைக் கந்தோரில் இருந்த வெள்ளைக்காரிகளே பிறகு கிழக்குப் பார்த்த காணிக்கு விலையைக் கூட்டினார்கள். அதையும் அவர் தன் பெருமையில்தான் சேர்த்துக்கொண்டார்.

எஸ்டேட்டின் நடுவில் பெரிய வெறுங்காணி ஒன்றை விட்டிருந்தார்கள். 'டவுன் சென்ரர்' வரும் இடம். அது வரும்வரை சனத்துக்குப் பாலும் பாணும் வேண்டுமே என்று, வெறுங்காணிக்குத் தென்மேற்கே நாலு கடையை ஒரு வரிசையாய்க் கட்டினார்கள். முதற்கடையை அவர் எடுத்தார். இரண்டாவது, சிவகௌரியின் தையற்கடை. புருசன் விட்டுப்போன பிறகு ஒரு மகளோடு வாடகை அறையில் சட்டை தைத்துக்கொண்டிருந்தவளை, "நீ வா பிள்ளை, நான் இருக்கிறன்," என்று கூட்டிவந்து இருத்தியவரே அவர்தான். மூன்றாவதில் ஒரு பஞ்சாபி தலைமயிர் வெட்டினான். நாலாவதில் வியட்னாம் குடும்பம் ஒன்று மீனும் உருளைக்கிழங்கும் பொரித்தது.

அந்த நாலு கடை எஸ்டேட்டை என்ன செய்தது என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பிள்ளைகளை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு பெண்கள் வெறுங்காணிக்குக் குறுக்கே நடந்து வந்தார்கள். மூன்று கோடை முடிய அது ஒற்றையடிப் பாதையானது. கவுன்சில் அதற்குக் கல் போட்டது. பாதை வந்ததால் பஸ் தரிப்பிடம் கடையடிக்கு வந்தது. பஸ் வந்ததால் பஞ்சாபிக் கிழவர்கள் பால் அடுக்கி வருகிற பிளாஸ்ரிக் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு முற்பகல் முழுக்க இருந்தார்கள். கருவேப்பிலை வாங்க வந்தவள் சட்டை தைக்கக் கொடுத்தாள்; சட்டைக்கு வந்தவள் கருவேப்பிலை வாங்கினாள்.

"கியேவிலை செய்ததைத்தான் இங்கையும் செய்திருக்கிறன்," என்றார் கதிர்காமநாதன்.

*

டவுன் சென்ரரின் வரைபடத்தை ஆரம்பப் பள்ளிக்கூட மண்டபத்தில் தொங்கவிட்டுக் கருத்துக் கேட்டது இரண்டாயிரத்துப் பத்தொன்பதில். கவுன்சிலில் திட்டமிடல் பகுதியில் வேலை செய்த யதுர்சன் விளங்கப்படுத்த வந்திருந்தான். மெல்பேர்ணின் மல்கிரேவில் வளர்ந்த பிள்ளை, முப்பது வயதிருக்கும். தமிழ் நன்றாய் விளங்கும். வாயைத் திறந்தால் பாதி ஆங்கிலம்.

வரைபடத்தில் நடுவே பெரிய சுப்பர்மார்க்கெற். அதன் பெரிய வாசல் தென்மேற்கு மூலையில். வாசலுக்கு முன்னால் மரமும் ஆட்கள் இருக்க வாங்குமாய் ஒரு முற்றம். முற்றத்துக்கு மற்றப் பக்கம், பார்த்தால், அவருடைய நாலு கடை. கதிர்காமநாதனுக்கு முகம் மலர்ந்துதான் போனது. கை தட்டலாமோ என்றுகூட யோசித்தார். அப்போது பின்னால் நின்றவர் காதுக்குள் சொன்னார்.

"கதிர் சார், பாத்தேளா? கன்னி மூலைல வாசல் வெச்சிருக்கான்!"

சேஷாத்ரி. மகனோடு இருக்கச் சென்னையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வங்கிக்காரர்.

"கன்னி மூலைல வாசல் வெச்ச எந்தக் கடை சார் உருப்பட்டிருக்கு? அந்த மூலை கனமா, மூடி இருக்கணும். திறந்து விட்டா உள்ள இருக்கறதெல்லாம் ஓடிப் போயிடும். நீங்க கவனிச்சிருப்பேளே?"

அவர் கவனிக்கவில்லை. இந்த எஸ்டேட்டில் திசை என்றால் கதிர்காமநாதன். அவர் காணாததை நேற்று வந்த ஒருவர் கண்டுவிட்டார். காது சூடாகியது. "வந்த உடனையே பாத்திட்டன் ஐயா. கேக்கத்தான் போறன்," என்றவர், கையை உயர்த்திவிட்டார்.

"தம்பி, உந்த வாசலைக் கிழக்காலை மாத்தச் சொல்லு. தென்மேற்கிலை வாசல் வைச்சால் கடை நிலைக்காது. கடை நிலைக்காட்டில் எஸ்டேட் நிலைக்காது."

யதுர்சன் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினான். "அங்கிள், ஈஸ்ட் சைட் கார் பார்க்கும் மெயின் ரோட்டும். இந்த டோர் உங்கடை கடையளுக்காகத்தான். வி ஃபோட் ஃபோர் இட். டெவலப்பருக்கு இது துண்டா விருப்பமில்லை. நல்லா யோசிச்சனீங்களோ?"

"நீ பேப்பரிலை படிச்சனி, தம்பி. நான் கியேவிலை படிச்சனான்."

மண்டபம் சிரித்தது. யதுர்சனும் சிரித்தான், ஆனால் கையில் இருந்த பேனையை மூடவில்லை. "அப்ப எழுதித் தாங்கோ அங்கிள்," என்றான்.

எழுதுவதற்குச் சேஷாத்ரி இருந்தார். கையெழுத்து வாங்கக் கதிர்காமநாதன் இருந்தார். இரண்டு கிழமைக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. தெலுங்கர், குஜராத்தியர், கேரளாக்காரர், வீட்டுக்கு வீடு ஏறினார். பஞ்சாபிக்கு வாஸ்துவில் நம்பிக்கை இல்லை, அவனும் போட்டான். தாளின் தலைப்பில் முதற் கையெழுத்து அவருடையது, தமிழில். வேறெந்த மொழியிலும் அவர் தன் பேரை எழுதினதில்லை.

சிவகௌரி மாத்திரம் பேனையை வாங்காமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, வாசல் இப்ப எங்களைப் பாத்துத்தானே கிடக்கு?"

"ஓம்."

"பிறகேன் திருப்புறியள்?"

"பெரிய கடை நல்லா ஓடினால்தான் எங்கடையும் ஓடும். வாசல் எந்தப் பக்கமெண்டால் என்ன, சனம் வீட்டை திரும்பிப் போகத்தானே வேணும்? போற வழியிலை நாங்கள் இருக்கிறம். கியேவிலை என்ன நடந்தது?"

"கியேவிலை சனம் நடந்து போனது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

அந்தக் கேள்விக்கு அவர் அன்றைக்குப் பதில் சொல்லியிருந்தால் இந்தக் கதை வேறு விதமாய்ப் போயிருக்கும். அவர் சிரித்தார். "நீ தையல்காரி. வாசல் விசயத்தை என்னட்டை விடு." அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "அண்ணை சொன்னால் சரி," என்று கையெழுத்து வைத்தாள்.

அடுத்த வருடம் கடிதம் வந்தது. சமூகத்தின் விருப்பத்துக்கு இணங்கிப் பிரதான வாசல் கிழக்கே மாற்றப்படுகிறது. யோகா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள்.

"எங்கடை பக்கத்துக்கு 'சேர்விஸ் ஃபசாட்' எண்டு போட்டிருக்கினம். ஃபசாட் எண்டால் முகப்பு."

"சேர்விஸ் எண்டால் சேவைதானே? நல்லது."

அன்றைக்குக் கடைக்கு வந்த எல்லாருக்கும் கேசரி கொடுத்தார்.

*

வெறுங்காணிக்கு வேலி அடித்தார்கள். கல் போட்ட பாதை வேலிக்கு உள்ளே போனது. சனம் சுற்றி வந்தது. கொஞ்ச நாள் வந்தது. பிறகு கொரோனா வந்து வேலை நின்று, தொடங்கி, திரும்ப நின்றது. இருபத்திமூன்றில்தான் சுவர்கள் எழும்பின.

அந்தக் காலத்தில்தான் யுத்தத்துக்குத் தப்பி வந்த உக்ரேன் மனிசி ஒருத்தி பீற்றூட் வாங்க வந்தாள். கதிர்காமநாதன் நாக்கில் மிச்சமிருந்த ரஷ்ய மொழியை எடுத்து வைத்ததும் அவள் கண் கலங்கிவிட்டது. அவர் தன் கதையைத் தொடங்கினார்: ஒன்பது மாடி, யன்னல், சம்மட்டி, ஐந்து இரும்புப் படி. அவள் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாள். பிறகு சொன்னாள், அந்த வாசல்கள் தனக்கும் தெரியும், தான் வளர்ந்த கட்டடத்திலும் மூன்று இருந்தன. கார் விட இடத்தோடு பெரிய பெரிய கடைகள் வந்த பிறகு ஒவ்வொன்றாய் மூடிப்போயின. வீட்டை வாங்கினவர்கள் வாசலைத் திரும்பச் சுவராக்கிவிட்டார்கள். பூச்சு நிறம் வேறாய்த் தெரியும். படியை மட்டும் ஒருவரும் கழற்றவில்லை.

"பிள்ளைகள் விளையாடுவார்கள். ஏறிப் போனால் சுவர்," என்றாள்.

"நான் வைச்ச படியாய் இருக்காது," என்றார் கதிர்காமநாதன். அவள் போன பிறகு வந்த வாடிக்கையாளரிடம் ஏனோ அவர் கியேவ் கதை சொல்லவில்லை. வெங்காயத்தை நிறுத்தார், கொடுத்தார்.

திறப்புவிழா இருபத்திநாலு பங்குனியில், ஒரு சனிக்கிழமை. புதுச் சேட்டுப் போட்டு, கடை வாசலில் தேசிக்காய் வெட்டிக் குங்குமம் தடவி வைத்துவிட்டு நின்றார். கிழக்கே பாட்டுக் கேட்டது. பலூன்கள் நாலைந்து கூரைக்கு மேலால் வந்து போயின. அவருக்கு முன்னால் இருந்தது சாம்பல் நிறச் சுவர். ஆறு மீற்றர் உயரம், இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல்வரை. நடுவில் லொறி ஏறுகிற மேடை. பக்கத்தில் ஆள் உயரக் குப்பைத் தொட்டிகள். ஒரு லொறி பின்னுக்கு வந்தது, பீப் பீப் என்று. மத்தியானம்வரை அந்தச் சத்தம்தான் வாடிக்கையாளர். சேவை என்றால் என்னவென்று அன்றைக்கு அவருக்கு விளங்கியது.

சனம் வீட்டிலிருந்து காரில் போனது, காரில் திரும்பியது. எந்த வழியாலும் நடக்கவில்லை. இரண்டாம் மாதம் பஸ் தரிப்பிடத்தைக் கிழக்கே கொண்டுபோனார்கள். பஞ்சாபிக் கிழவர்களும் பஸ்ஸோடு போனார்கள்; அங்கே சூடாக்கி போட்ட மண்டபமும் நல்ல கதிரைகளும் இருந்தன. எல்லா வீட்டுக்காரருக்கும் ஒரே எஸ்டேட்டாய் இருந்ததற்கு இப்போது முன்பக்கமும் பின்பக்கமும் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் கேட்டன: நீ முன்பக்கமோ, பின்பக்கமோ? அவர் திசைகாட்டி வைத்து எடுத்துக்கொடுத்த வீடுகளில் முக்கால்வாசி பின்பக்கத்தில் இருந்தன, எல்லாம் கிழக்குப் பார்த்து, அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு.

முதலில் பொரித்த மீன் மூடியது. பிறகு பஞ்சாபி, சொல்லாமல்.

*

கதிர்காமநாதன் கவுன்சிலுக்குப் போனார். யதுர்சன் தனி அறை எடுத்து, கோப்பியும் வாங்கி வைத்தான்.

"ஒரு சின்னக் கதவு, தம்பி. பெரிய வாசல் கேக்கேல்லை. ஓராள் போய்வாற கதவு. பெர்மிஷன் மட்டும் எடுத்துத் தா. சுவரை நானே உடைச்சுத் தாறன். பதினொண்டு உடைச்ச கை."

"அங்கிள், அந்தப் பக்கம் உள்ளுக்கு முழுக்கக் கோல்ட் ரூம். கட்டி முடிஞ்சுது. இனி நோபடி வில் டச் இட்."

"முதல்லை உங்கடை படத்திலை இருந்ததுதானே?"

யதுர்சன் கோப்பிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தான். "டெவலப்பர் ஆக்களுக்கு முதல்லையிருந்தே கிழக்கு வாசல்தான் வேணும் அங்கிள். கார் வாற பக்கம். நாங்கள்தான் நோ எண்டு நிண்டனாங்கள், நடக்கிற சனத்துக்கு, உங்கடை கடையளுக்கு. ரெண்டு வருசம் ஃபைட். ட்ரிபியூனலுக்குப் போயிருந்தாலும் வெண்டிருப்பம் எண்டுதான் நினைக்கிறன். பேந்து உங்கடை பெட்டிஷன் வந்தது."

"அது..."

"அவை அதை ஸ்லைட்டிலை போட்டவை. முதற் பக்கத்தை இவ்வளவு பெரிசா. மேலை 'கொம்யூனிற்றி வொய்ஸ்' எண்டு. எங்களுக்குக் கதைக்க ஒண்டுமில்லாமல் போச்சு."

கதிர்காமநாதன் கோப்பியைக் குடித்தார். இனிப்பில்லை. சீனி கேட்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு எழும்பிக் கந்தோரை விட்டு வெளியே வந்தார்.

வீட்டில் யோகாவுக்குச் சொன்னது, பொடியன் முயற்சி செய்கிறான் என்று. சிவகௌரிக்கும் அதையே சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்து, மெசின் உறையைப் போட்டு மூடினாள்.

"அண்ணை, உள்ளை கிழக்கு வாசலடியிலை உடுப்புத் திருத்துற பெட்டிக்கடை ஒண்டு போடுகினம். வேலை கேட்டனான். கிடைச்சிட்டுது. திங்கள் தொடங்கச் சொல்லுகினம்."

"சொந்தமாய்த் தைச்சனி. அங்கை போய் அவனுக்குக் களிசான் கால் மடிச்சுக் குடுக்கப் போறியோ?"

"மடிச்சால் கிழமைக்குக் கிழமை சம்பளம் வரும்."

"எல்லாம் என்னாலை எண்டு நினைக்கிறாய்."

"நானும் கையெழுத்து வைச்சனான்தானே அண்ணை," என்றாள் சிவகௌரி. "உங்களை மட்டும் எப்பிடிச் சொல்லுறது?"

அவள் ஏசியிருந்தால் அவர் திருப்பி ஏசியிருப்பார். அதில் அவரை வெல்ல ஆளில்லை. இதற்கு என்ன செய்வது?

*

கடை வாடகை ஒப்பந்தம் வைகாசியோடு முடிய இருந்தது. இன்னும் மூன்று வருடத்துக்கு எடுக்கிறாரா, விடுகிறாரா, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொல்லி ஏஜென்ற் எழுதியிருந்தான். விட்டால் அந்தச் சுப்பர்மார்க்கெற்காரனே நாலையும் எடுத்துச் சாமான் அறையாக்கக் காத்திருக்கிறானாம்.

"விடுங்கோ," என்றாள் யோகா. "ஒரு நாளைக்கு ஆறு பேர் வருகினம். அதிலை ரெண்டு பேர் லொறிக்காரர், கக்கூசு கேட்டு."

"பொறு. உப்பிடிக் கனக்கப் பாத்தனான். சனம் திரும்பும்."

புதன்கிழமை பின்பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி சிவகௌரி இன்னும் இங்கேதான் இருக்கிறாள் என்று நினைத்து, தைக்கிற சட்டைத் துணியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை கலியாண வீடாம். கதிர்காமநாதன் கடையை யோகாவிடம் விட்டுவிட்டுத் துணிப்பையோடு புறப்பட்டார். திறந்து பதினான்கு மாதம். அவர் அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்ததில்லை. வைக்கமாட்டேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லியும் இருந்தார். சுவரைச் சுற்றி, குப்பைத் தொட்டியைத் தாண்டி, கார்களுக்கு நடுவால் போய்ச் சேரப் பன்னிரண்டு நிமிடமானது.

கிழக்கு வாசல் கண்ணாடி. அவர் கிட்டப் போக முதலே தானாய் விலகியது.

உள்ளே அவருடைய எஸ்டேட் முழுவதும் இருந்தது. எல்லா முகமும் தெரிந்த முகம். "ஹாய் அங்கிள்!" என்றது ஒன்று; "அங்கிள், கடை இன்னும் இருக்கோ?" என்றது இன்னொன்று, உண்மையாகவே அறிய விரும்பி. வெண்டிக்காயைப் பிளாஸ்ரிக் தட்டில் படுக்க வைத்துக் கண்ணாடித்தாள் சுற்றியிருந்தார்கள். கருவேப்பிலைகூட ஒரு சின்னப் பெட்டிக்குள். வாங்கொன்றில் கோப்பியோடு சேஷாத்ரி.

"கதிர் சார்! வாங்கோ வாங்கோ. பாத்தேளா கூட்டத்தை? கிழக்கு வாசல் சார்! கன்னி மூலை அடைச்சாச்சு, லக்ஷ்மி உள்ளயே நிக்கறா. எல்லாம் உங்களாலதான். நான் எல்லார்கிட்டயும் சொல்லிண்டிருக்கேன்."

"ஓம் ஐயா," என்றார் கதிர்காமநாதன்.

சிவகௌரி கழுத்தில் அட்டை தொங்க ஒரு களிசானின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழும்பினாள். துணியைக் கொடுத்தார். அவள் வாங்கி மடித்து வைத்தாள்.

"எங்கடை கடை எந்தப் பக்கத்திலை கிடக்கு?" என்று கேட்டார். "உள்ளை வந்தால் எனக்கே திசை பிடிபடேல்லை."

"நேரை போங்கோ அண்ணை. கக்கூசைத் தாண்டிக் கடைசி வரை. ஆனால் அங்கை ஒண்டும் இல்லை."

நேரே போனார். வெளிச்சம் குறைந்துகொண்டே போனது. கக்கூசைத் தாண்டி, துடைப்பங்கள் வைத்திருந்த அலுமாரியைத் தாண்டி, ஒடுங்கின நடை ஒன்றின் முடிவில் இரும்புக் கதவு ஒன்று இருந்தது. மேலே ஓடுகிற மனிதனின் பச்சை வெளிச்சம். குறுக்கே தள்ளுகிற சட்டம். சிவப்பு எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. நெருப்பு என்ற சொல் மாத்திரம் அவருக்குத் தெரிந்தது. முழுக்கக் கோல்ட் ரூம் என்ற பொடியன் பொய் சொல்லவில்லை, அவனுக்கு இது கதவாய்த் தோன்றியிராது. ஆனால் கதவுதான். தென்மேற்கு மூலையில், ஓராள் போகக்கூடிய கதவு.

கதிர்காமநாதன் இரண்டு கையாலும் தள்ளினார்.

சைரன் தலைக்கு மேலேயே அடித்தது. வெயில் முகத்தில் அடித்தது. லொறி மேடைக்குப் பக்கத்தில் நின்றார். எதிரே நாலு கடை, மூன்று இழுத்து மூடி, ஒன்று திறந்து. வாடிக்கையாளர் பார்க்கிற பக்கத்திலிருந்து அவர் அதைப் பார்த்து வருடக்கணக்காகியிருந்தது. இருபது எட்டு வைத்தால் போய்விடலாம். பின்னால் கதவு தானாய் மூடிக்கொண்டது. திரும்பிப் பார்த்தார். வெளிப்பக்கத்தில் கைபிடி இல்லை, சுவரின் அதே சாம்பல் பூச்சு. விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். நகம் நுழைய இடமில்லை.

கடைக்குள் வந்து சேர்ந்தபோது கைத்தொலைபேசி அடித்தது. சிவகௌரி.

"அண்ணை, எங்கை நிக்கிறியள்? ஆரோ கதவைத் திறந்திட்டினமாம். சைரன் அடிக்குது, சனமெல்லாம் வெளியிலை ஓடுது!"

"நான் கடையிலை. எந்தப் பக்கத்தாலை ஓடுது?"

"என்ன கேள்வி இது? கிழக்காலைதான்."

கடை வாசலில் நின்று பார்த்தார். சுவருக்கு அப்பால் ஆயிரம் பேரின் இரைச்சல் கேட்டது. இந்தப் பக்கம் ஒருவரும் வரவில்லை.

"யோகா," என்றார், "அந்த ஏஜென்ருக்கு எழுது. வேண்டாமெண்டு எழுது."

யோகா அவரை நிமிர்ந்து பார்த்தாள். இருபத்தேழு வருடத்தில் அந்த மனிசன் ஒரு விசயத்தை இத்தனை சுருக்கமாய்ச் சொல்லி அவள் கேட்டதில்லை.

"என்ன காரணமெண்டு கேப்பான்."

"காரணம் எழுதாதை."